முதலாளி புடவை மடித்தால் யாருக்கு நல்லது?

என் சித்தி பையன் தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக நன்றாகத்தான் இருந்தான். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு, தி.நகரில் அவருடைய ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டான். ரொம்பப் பெரிய கடை இல்லை. மூன்று தளம், அடிக்கடி நின்றுபோகும் ஒரு லிஃப்ட், முகூர்த்த மாதங்களில் நல்ல கூட்டம். வந்த கொஞ்ச நாளில் எனக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் என்னை நல்ல மேனேஜர்னு சொன்னாங்க. அதே மாதிரிதான் இங்கயும் நடந்துக்கறேன். இங்க என்னைப் பார்த்து சிரிக்கறாங்க."

என்னடா செய்தாய் என்று கேட்டேன். காலையில் கடை திறக்கும்முன் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, "உங்களுக்கு உதவி பண்ணத்தான் நான் இருக்கேன், என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றிருக்கிறான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், கவுண்டரில் பிரித்துப் போட்டிருந்த புடவைகளைத் தானே மடிக்க ஆரம்பித்திருக்கிறான். மாமனார் காலத்து ஃப்ளோர் சூப்பர்வைசர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, நீங்க மடிச்சா இந்தப் பொண்ணுங்க வேலை செய்யலைன்னு அர்த்தம். ராத்திரி பெரியவர் என்னைத்தான் கேப்பார்." அவன் அந்தப் பக்கம் போனதும் அந்தத் தளத்துப் பெண்களுக்கு நல்ல திட்டு விழுந்ததாம்.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை, அதனால் இங்கே.

அவன் ஆபீஸில் படித்துக்கொண்டு வந்ததற்கு ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ என்று பெயர். தலைவன் என்பவன் முதலில் தன் ஆட்களுக்கு வேலை செய்பவன், அதற்கப்புறம்தான் அவர்களை நடத்துபவன் என்பது அதன் சாரம். இதை எழுதி வைத்தவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏடி அண்ட் டி என்ற ராட்சச டெலிபோன் கம்பெனியில் ஏறக்குறைய நாற்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் 1970ல் ஒரு சின்னக் கட்டுரையாக வெளியிட்டார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ஒரு நாவலில் யாத்திரை போகும் கூட்டத்துக்கு மூட்டை தூக்கும் வேலைக்காரன் லியோ ஒருநாள் காணாமல் போகிறான். அதோடு யாத்திரையே சிதறிப்போகிறது. அவன்தான் உண்மையில் அந்தக் கூட்டத்தின் தலைவன் என்பது பின்னால்தான் தெரிகிறது. கிரீன்லீஃபுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

ஐடி ஆட்களுக்கு இது ஸ்க்ரம் என்கிற டீம் வேலை முறை வழியாக வந்து சேர்ந்தது. 2017ல் வந்த ஸ்க்ரம் கையேட்டில், அந்த முறையை டீமில் நடத்திவைக்கும் ஸ்க்ரம் மாஸ்டரை சர்வன்ட் லீடர் என்றே எழுதியிருந்தார்கள். 2020 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, சேவை செய்யும் உண்மையான தலைவர் என்கிற மாதிரி மாற்றினார்கள். மீட்டிங்குகள் மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கிண்டல் போகட்டும். ஓஎம்ஆர் ஐடி ஆபீஸ்களில் இந்த முறை ஓரளவு வேலை செய்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். என் பிழைப்பே ஆட்களைப் பார்த்துக்கொள்வதுதான். முதலில் ஒரு மருத்துவமனை நிர்வாகம், நடுவில் ஒரு பெரிய துணிக்கடையின் ஹெச்ஆர், இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சாஃப்ட்வேரில் நல்ல மேனேஜர் என்றால் யார்? சர்வர் பர்மிஷன் கிடைக்காமல் பையன் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஐடி சப்போர்ட்டுக்குப் போன் போட்டு வாங்கிக் கொடுப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளையன்ட் புதிதாக ஒன்று கேட்டால், "திங்கள்கிழமை பார்க்கலாம்" என்று தன் வாயால் சொல்பவர். "என்ன வேணும்னு கேளுங்க" என்றால் அங்கே கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள்? பிடிக்காவிட்டால் அடுத்த கட்டடத்தில் வேறு வேலை தேடிக்கொள்ள முடியும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது.

தி.நகர் கடையில் புடவை விரிக்கும் பெண் திருநெல்வேலிப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ இருந்து வந்திருப்பாள். தங்குவது முதலாளி எடுத்துக் கொடுத்த ஹாஸ்டல், சாப்பிடுவது முதலாளியின் மெஸ். அவளைச் சேர்த்துவிட்டவர் அதே கடையில் வேலை செய்யும் சொந்தக்காரராக இருப்பார். அவள் வாயைத் திறந்தால் வேலை, படுக்கை, சோறு, சொந்தக்காரரின் மரியாதை எல்லாமே ஆடும். அவளை வட்டத்தில் நிறுத்தி, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, "கேளும்மா" என்றால் எப்படிக் கேட்பாள்? 2010ல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் தி.நகர் ரங்கநாதன் தெருவின் இந்த உலகத்தைத்தான் காட்டியது. படத்தைப் பார்த்து அழுதுவிட்டு அடுத்த வாரம் அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்களில் நானும் உண்டு, நீங்களும் இருப்பீர்கள்.

ஆகவே தம்பி, நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆட்களுக்குச் சேவை செய்வது என்றால் அவர்கள் கேட்பதைக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டாய். அவர்களால் வாய்விட்டுக் கேட்க முடியாதது எது என்று நீயாகக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. அது இடத்துக்கு இடம் மாறும்.

மருத்துவமனையை எடுத்துக்கொள். உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கம் பல வருடம் மனதிலேயே கிடந்து, இந்திய மாதர் சங்கம் திரட்டிய நிதியில் 1954ல் ஆஸ்பத்திரியாக எழுந்தது. 12 படுக்கை. புற்றுநோய் என்றால் சாவு என்றே ஊர் நினைத்த காலம், அதற்கு எதற்குத் தனியாக ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் நிறைய. மருத்துவர்கள் இரண்டே பேர். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி, இன்னொருவர் டாக்டர் வி. சாந்தா.

சாந்தா மயிலாப்பூர்ப் பெண். 1927ல் பிறந்தவர். சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் உறவினர்கள் என்கிற குடும்பம். அரசுத் தேர்வில் தேறி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் நியமனமும் கைக்கு வந்துவிட்டது. பிரசவம் பார்க்கும் டாக்டராக இருந்திருந்தால் மயிலாப்பூரில் மாட வீதி அளவுக்குக் கியூ நின்றிருக்கும். அதை விட்டுவிட்டு 1955 ஏப்ரலில் அடையாறுக்கு வந்தார். முதல் மூன்று வருடம் சம்பளம் இல்லை. அதற்கப்புறம் மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். 2021 ஜனவரியில், 93 வயதில் இறக்கும்வரை அந்த வளாகம்தான் வீடு. இயக்குநராக இருந்தது 1980 முதல் 1997 வரை. பத்ம விபூஷண், மக்சேசே எல்லாம் வந்தன. பணம் இல்லாத நோயாளி இலவசமாகவோ கொஞ்சம் கொடுத்தோ சிகிச்சை பெறுகிற ஏற்பாடு கடைசிவரை மாறவில்லை.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எளிமையைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னை முழுக்க யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு வைக்கும் வேலையை அந்த நிலையம் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதுகிற, யாரும் கைதட்டாத வேலை. இரண்டாவது, 1984ல் புற்றுநோய் மருத்துவத்துக்கென்றே அங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். மருந்தும் அறுவையும் தெரிந்த அடுத்த தலைமுறை அங்கிருந்து கிளம்பி மற்ற ஊர்களுக்கும் போனது. கிரீன்லீஃப் தன் கட்டுரையில் ஒரு சோதனை வைக்கிறார். உன்னிடம் வேலை செய்பவர்கள் வளர்கிறார்களா, சுதந்திரமாகிறார்களா, ஊரிலேயே கடைசியில் இருப்பவனுக்கு உன்னால் என்ன ஆகிறது என்பது அந்தச் சோதனை. அடையாறு அதில் தேறியது சாந்தா எளிமையாக வாழ்ந்ததால் அல்ல. தனக்கடுத்த டாக்டர்களை உண்டாக்கியதால்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் தலைமை மருத்துவர் அருமையான மனிதர். ராத்திரி பத்து மணிவரை வார்டில் இருப்பார், நோயாளியின் தலையணையைத் தானே சரி செய்வார். ஆனால் அவர் நிற்கிறாரே என்று ஷிஃப்ட் முடிந்த நர்ஸ்கள் கிளம்பத் தயங்கி நிற்பார்கள். சைதாப்பேட்டைக்கு அப்பால் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். வீட்டில் கைக்குழந்தை இருக்கும். கேட்டால், "டாக்டரே இருக்கார், நாம எப்படிப் போறது?" அவருடைய தியாகத்துக்கு அவர்கள் ஓவர்டைம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் பைசா வாங்காமல். பெரியவர்கள் தங்களை வருத்திக்கொள்வது அவர்கள் விருப்பம். மாதச் சம்பளத்துக்கு வருகிற நர்ஸிடம் நீயும் அப்படியே இரு என்று சொல்லாமல் சொல்வது சேவையே இல்லை. நம் ஊரில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று எந்த முதலாளி ஆரம்பித்தாலும் நான் உடனே லீவு ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பேன்.

சமையல் வேலை வேறு ரகம். மயிலாப்பூரில் கல்யாணக் காண்டிராக்ட் எடுக்கும் ஒரு மாமாவை எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் முதல் பந்தி முடியும்வரை அவர் வாயிலிருந்து வருவது அதட்டல் மட்டும்தான். யாரையும் கருத்துக் கேட்க மாட்டார். ரசம் கொதிக்கும்போது கருத்துக் கேட்டால் பந்தி நின்றுவிடும். ஆனால் முதல்நாள் ராத்திரியே காய் நறுக்குகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இவர் படுப்பார். கடைசிப் பந்தி ஆனதும் பரிமாறின பையன்களை இலை போட்டு உட்காரவைத்து, பாயசம் அவர்களுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். அதட்டுகிறவர் எப்படி சர்வன்ட் லீடர் என்று உன் ஆபீஸ் டிரெய்னர் கேட்கலாம். அவரிடம் வேலை செய்தவர்கள் வருடக்கணக்கில் விட்டுப் போகவில்லை. எனக்கு அது போதும்.

சரி, உன் கடைக்கு வருவோம். அங்கே கேட்க முடியாதது எது? கால் வலி.

காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டம். ஒன்று யோசித்துப் பார். நம் பாட்டி காலத்துப் பட்டுக்கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார். கவுண்டரும் கண்ணாடியும் ஏசியும் வந்தபோதுதான் விற்பவரை எழுப்பி நிறுத்தினோம். 

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் உட்காரும் உரிமைக்காகப் போராடியவர் விஜி. முதலாளியும் இல்லை, மேனேஜரும் இல்லை, அதே தெருவில் தையல் வேலை செய்தவர். கடைப் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதில் ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நின்ற பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று அமைப்பு கட்டினார். பிறகு உட்காரும் உரிமைக்குப் போனார்கள். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதே வருடம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி இருந்தார். மூட்டை தூக்கிய லியோ யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். கூட நின்றவர்களின் கால் வலியும் வயிற்று வலியும் கேட்காமலே அவருக்குத் தெரியும், தனக்கும் வலித்ததால்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மூலச் சட்டம் 1947ஆம் வருடத்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்களால் உட்கார முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்போது நான் துணிக்கடை வேலையில் இருந்தேன். எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. ரேக்குக்குப் பின்னால் அடுக்கி வைத்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் காட்டலாம். உட்கார ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. கேமரா இருக்கிறது, கேமராவை முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கிறார்.

அதை மாற்றியது முதலாளியின் பெருந்தன்மை அல்ல. சூப்பர்வைசர்களிடம் உட்கார்ந்து பேசினோம். அவர்களும் பத்து வருடம் நின்று, கால் நரம்பு சுருண்டுபோய், இந்தப் பதவிக்கு வந்தவர்கள். பெண்களை அதட்டுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. தளத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் மேலேயிருந்து போன் வரும், பதில் சொல்ல வேண்டியவர் இவர். ஆகவே முதலில் இவருக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. கஸ்டமர் இல்லாதபோது பிள்ளைகளை உட்காரவைப்பது சூப்பர்வைசரின் வேலை என்று முதலாளி கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் நோட்டீஸ் போர்டில் ஏறிய பிறகுதான் ஸ்டூல்கள் ரேக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரங்களில் மறுபடி உள்ளே போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடையில் நடந்தது இதுவேதான். சூப்பர்வைசரைத் தாண்டிக்கொண்டு நேரே பெண்களுக்கு நல்லது செய்யப் போனாய். அடி அவர்கள்மேல் விழுந்தது. ஆபீஸில் உனக்கும் டீமுக்கும் நடுவில் ஆள் கிடையாது. கடையில் உண்டு, உனக்கு மேலே மாமனாரும் உண்டு. அந்த சூப்பர்வைசருக்கு என்ன பயம் என்று முதலில் கேள். கடையில் வைத்துக் கேட்காதே. பாண்டி பஜாரில் எங்காவது ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கேள்.

புடவை மடிப்பதை விட்டுவிடு. அது அவர்களுக்கு உன்னைவிட நன்றாக வரும். முதலாளியால் மட்டுமே முடிகிற வேலைகளைச் செய். சம்பளத் தேதி தள்ளிப் போகிறதா? பத்து நிமிடம் லேட்டானால் அரை நாள் பிடிக்கிற பழக்கம் இருக்கிறதா? மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுகிறார்கள், மூன்றரை வரை பட்டினியாக நிற்பது யார்? மூன்றாவது தளத்துப் பெண் பாத்ரூம் போக எத்தனை பேரிடம் அனுமதி கேட்கிறாள்? இதெல்லாம் யாரும் உன்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். அட்டெண்டன்ஸ் நோட்டும் உன் கண்ணும் சொல்லும். அப்புறம், புடவையைக் கட்டித் துவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்து கவுண்டர் பெண்ணிடம் கத்துகிற கஸ்டமர் இருப்பாரே, அந்தச் சண்டையைப் போய் நீ வாங்கிக்கொள். உன்னை அவர் ‘முதலாளி’ என்பார், அவளை ‘ஏய்’ என்பார். அந்த இடத்தில் நீ முன்னால் போய் நிற்பதற்குப் பெயர்தான் சேவை.

ஹாஸ்டலை ஒருநாள் போய்ப் பார். நீ மட்டும் போகாதே, உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போ. முத்துலட்சுமி ரெட்டியின் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளை 1930ல் எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்கச் சொல்லி அறிக்கை விட்டுக்கொண்டிருக்காமல் அவர் தன் வீட்டிலேயே படுக்கவைத்தார். அப்படித்தான் அவ்வை இல்லம் உண்டானது. சட்ட மேலவையில் உட்கார்ந்தவர், சட்டத்தின் பலம் தெரிந்தவர், ராத்திரி படுக்க இடம் வேண்டும் என்பதும் தெரிந்தவர்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது தம்பி கொஞ்சம் சோர்ந்துதான் போனான். "இதுல லீடர்ஷிப் எங்கக்கா இருக்கு, மளிகைக் கணக்கு மாதிரி இருக்கே?" என்றான். இருக்கட்டும்டா என்றேன். ஆனாலும் சூப்பர்வைசரோடு காபி குடித்திருக்கிறான். மாமனாரைச் சம்மதிக்கவைத்து தளத்துக்கு நாலு ஸ்டூலும் வாங்கிப் போட்டுவிட்டான். சூப்பர்வைசரே ஒன்றில் உட்கார்ந்து காட்டினாராம். இப்போது வருகிற தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து. போன வாரம் ஓர் அம்மா கல்லாவுக்கு வந்து, "உங்க கடைப் பொண்ணு உக்காந்துக்கிட்டே பேசறா, மரியாதையே இல்லை" என்று புகார் சொன்னாராம். மாமனார் மறுபடி யோசிக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ உஸ்மான் ரோடு பக்கம் போவீர்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் புகார் சொல்லாதீர்கள். எழுந்து நிற்கப் போனால், "உக்காரும்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவர் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.